உம்மாவின் உதவித்தொகை ஓர் அமானிதம்

தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கண் மங்கி, கால் தளர்ந்த நம் தாய்மார் பலர் அதனைத் தம் கையால் எடுப்பதில்லை. வங்கி அட்டை மகனிடமோ பேரனிடமோ இருக்கின்றது.

அவ்வட்டையை வைத்திருப்பவர் ஷரீஅத்தின் பார்வையில் வக்கீல் ஆவார். நீதிமன்ற வக்கீலன்று, பிறர் காரியத்தை ஏற்று நடத்தும் பிரதிநிதி. பொருளோ அமானிதம். “வீட்டுச் செலவுக்குத்தானே எடுத்தேன்?” என்பாருமுண்டு. எத்தீம்களின் பொருளைக் காப்போருக்கு ஸூரத்துன் நிஸாவின் 6ஆம் வசனம் வகுத்த நெறியை அவர்கள் சிந்திக்கட்டும். வசதியுள்ளவர் அதைத் தொடாது விலக வேண்டும். வறியவர் நியாயமான அளவே உண்ணலாம். ஒப்படைக்கையில் சாட்சியும் வேண்டும். பெற்றவளின் பொருளில் மட்டும் அந்நெறி தளருமா? ஒரே உலையில் சோறு பொங்குவதை யான் குறை கூறவில்லை. ஆயினும் உம்மாவைக் கேட்டு, அவர் மனமொப்பித் தர வேண்டும். அவர் 50 ரூபாய் ஸதகா கொடுக்க விரும்பினால், “உங்களுக்கேன் இந்த வேலை?” என்று தடுக்க எவருக்கும் உரிமையில்லை. எடுத்தது இவ்வளவு, செலவு இவ்வளவு என்று மாதந்தோறும் அவர் செவியில் சொல்லுங்கள்.

மற்றொன்றைக் கூறவே நாக் கூசுகின்றது. தாயார் மவுத்தான பின்னும் சில இல்லங்களில் அவ்வட்டை ஓய்வதில்லை! நியமித்தவர் மரணித்ததும் வக்காலத்து முறிந்துவிடும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். அதன்பின் வரும் மாதங்களின் தொகை வாரிசுகள் பங்கிடும் சொத்தன்று, அரசுக் கருவூலத்துக்குரியது. மையித்தை அடக்கிய வாரத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். முன்னரே எடுத்திருந்தால், திருப்பிச் செலுத்தி ரசீது பெறுங்கள்.