அடர்நீலமா, கருஞ்சாம்பலா?



மும்பை சயான் பகுதியில் ஒரு வீட்டிற்கு ஜெபத்திற்காகச் சென்றிருந்தேன். ஒரே ஜன்னலுள்ள சிறிய முன்னறை. அதற்கு வர்ணம் பூச வேண்டும். சகோதரர் அடர்நீலம் வேண்டுமென்றார்; சகோதரி கருஞ்சாம்பலே தகும் என்றார். பத்து நாட்களாக இருவருக்குள்ளும் பேச்சுக் குறைந்திருந்தது. "நீங்களே சொல்லுங்கள், ஐயா" என்று வண்ண அட்டையை என் கையில் கொடுத்தனர். அதே அறையில், கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாயார் கட்டிலில் அமர்ந்திருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையுள்ள எண்ணால் குறிப்பர். நல்ல வெண்மைக்கு அது 80க்கு மேல். இவ்விரு அடர்நிறங்களுக்கும் பெரும்பாலும் 15க்கும் கீழ். ஆகவே நான்கு சுவர்களிலும் எதைப் பூசினாலும் பகலிலும் விளக்கெரிய வேண்டியதாகும். ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் போதும்.

இரண்டிற்கும் வேறுபாடு விளக்கொளியில் வெளிப்படும். மஞ்சள் விளக்கின்கீழ் அடர்நீலம் மங்கிக் கருமையாகத் தோன்றும். வெண்ணிற டியூப்லைட்டில் தெளியும். கருஞ்சாம்பலோ வெண்ணொளியில் நீலச்சாயலும், மஞ்சளொளியில் பழுப்புச்சாயலும் கொள்ளும். எனவே கடையின் சிறு அட்டையை நம்பாமல், இரண்டடி அட்டைகளில் இருமுறை பூசி, உலர்ந்தபின் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

இரண்டிற்கும் பொதுவான எச்சரிப்புகளும் உண்டு. ஈரச்சுவரில் பூக்கும் உப்பு, அடர்நிறத்தில் வெள்ளையாய்ப் பளிச்சிடும். ஆதலால் மழைக்காலம் முடிந்து சுவர் நன்கு உலர்ந்தபின் பூசுங்கள். பின்னாளில் வெள்ளைக்கு மாற்ற விரும்பினால் பிரைமரும் கூடுதல் பூச்சும் செலவாகும். வாடகை வீடாயின் உரிமையாளரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை மீறலாகாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நீரில் நனைத்தே தேய்த்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அவ்வீட்டில் இரண்டு அட்டைகளையும் இரும்பு பீரோவின் அருகே மூன்று நாட்கள் சாய்த்து வைத்தனர். மறுபடி சென்றபோது தாயாரிடம் கேட்டேன்.

"சாம்பல் அட்டைக்குப் பக்கத்தில் பீரோ எங்கே முடிகிறதென்று எனக்குத் தெரியவில்லை, ஐயா. இரவில் எழுந்தால் இடித்துக்கொள்வேன். நீலத்தின் பக்கம் தெரிகிறது" என்றார்.

பீரோவும் சாம்பல் நிறமே என்பதை நாங்கள் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சகோதரி சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "பீரோவுக்குப் பின்சுவர் நீலமாகவே இருக்கட்டும், மற்ற மூன்றும் பால்வெள்ளை" என்றார். சகோதரர் வென்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்துபோய்த் தாயாருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

உங்கள் வீட்டிலும் நிறம் தெரிந்தெடுக்குமுன், அவ்வறையில் அதிக நேரம் இருப்பவர் யாரென்று பாருங்கள். அவரை முதலாவது கேளுங்கள்.