ஆடுகளமும் ஏடும்

பாசிக்குடாக் கடலின் ஆழத்தைக் கரையில் நின்று அளவிட இயலாது. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே நிற்கும். ஆழம் தொடங்கும் இடம் இறங்கி நடந்தவனுக்கே புலப்படும். அண்மையில் ஒரு மாலை அக்கரையில் மூவர் அமர்ந்திருந்தோம். ஒருவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், மற்றவர் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர், மூன்றாமவன் யான். அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளிவரும் விளையாட்டுக் கட்டுரைத் தொகுப்பொன்று எங்கள் நடுவே கிடந்தது. மூவரும் அதனைப் படித்திருந்தோம். ஆயினும் கருத்து ஒன்றுபடவில்லை.

அத்தொகுப்பின் வரலாற்றை முதலிற் சுருங்கக் கூறுதல் நலம். ஓராண்டில் வெளிவந்த சிறந்த விளையாட்டுக் கட்டுரைகளைத் தேர்ந்து நூலாக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1940களிலேயே வேரூன்றிவிட்டது. 1991இல் தொடங்கிய வேறொரு வரிசைக்குக் கிளென் ஸ்டவுட் என்பார் நிலையான பதிப்பாசிரியராக விளங்கினார். ஆண்டுக்கு ஒருவர் சிறப்பாசிரியராக அழைக்கப்பெற்றார். முதலாண்டில் அப்பொறுப்பை ஏற்றவர் புகழ்பெற்ற பத்திரிகையாளர் டேவிட் ஹல்பர்ஸ்டம். ஸ்டவுட் முதலிற் பொறுக்கி அனுப்புவார். சிறப்பாசிரியர் அவற்றுட் சிலவற்றையே இறுதியில் ஏற்பார். அவ்வரிசை 2020உடன் நின்றது. மறு ஆண்டே வேறொரு பதிப்பகம் அவ்வகைத் தொகுப்பைப் புதுப்பெயரில் தொடர்ந்தது.

இந்நூல்களைப் பற்றி அந்நாட்டு வாசகர் நெடுங்காலமாகக் கூறிவரும் குறைகள் சில உண்டு. கட்டுரைகள் மிக நீண்டவை. பெரும்பாலானவை சில பெரிய சஞ்சிகைகளிலிருந்தே வருகின்றன. பெண்கள் எழுதியவை குறைவு. எல்லாவற்றிலும் துயரமே மேலோங்கி நிற்கிறது என்பன அவை. எங்கள் ஆசிரியரும் அக்கட்சியைச் சேர்ந்தவரே.

“இதில் நோய் இருக்கிறது, சிறை இருக்கிறது, சாவு இருக்கிறது, ஆட்டம் எங்கே?” என்று அவர் கேட்டார். “பந்து எப்படி வந்தது, எவன் எப்படித் தடுத்தான், கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லாத எழுத்தை விளையாட்டு எழுத்து என்று எப்படி ஏற்பது?”

மாணவர் விடவில்லை. “சேர், எனக்கு பேஸ்போல் விதிகள் ஒன்றும் தெரியா. ஆனால், ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஜோ டிமாஜியோவைப் பற்றி கே தலீஸ் 1966இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது, புகழ் ஓய்ந்த மனிதனின் தனிமையை உணர்ந்தேன். ஓட்டக் கணக்கை மட்டும் எழுதியிருந்தால் நான் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்” என்றார்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அவ்வேளையில் பேச்சு எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிற்று.

மட்டக்களப்பிற் கூடைப்பந்தாட்டம் தழைத்ததற்கு அமெரிக்க இயேசு சபைத் துறவியரின் உழைப்பு ஒரு பெருங் காரணம். நகரிலுள்ள வெபர் மைதானம் அவருள் ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மற்றொருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரியிற் பல தலைமுறை மாணவருக்குக் கூடைப்பந்து பயிற்றியவர்.

ஆசிரியர் தம் இளமையில் அக்கல்லூரி அணியை எதிர்த்து ஆடியவர். ஆகவே, அடிகளாரின் அணி ஆடிய முறையை விவரிக்கத் தொடங்கினார். ஆனால் சிறிது நேரத்தில் அவர் பேச்சு மைதானத்தை விட்டு வெளியேறி, நாங்கள் அமர்ந்திருந்த கரைக்கு அருகே உள்ள வாழைச்சேனைக்கு வந்துவிட்டது. 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அடிகளாரும், உடன்சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் ஊர் போய்ச் சேரவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது இன்றளவும் தெளிவாகவில்லை. ஆசிரியர் அத்துடன் மௌனமானார்.

மாணவர் மெல்லக் கேட்டார்: “நீங்கள் சொன்ன அந்த ஆட்டம் எந்த ஆண்டு நடந்தது, சேர்? புள்ளிகள் எத்தனை?”

ஆசிரியர் யோசித்தார். ஆண்டும் நினைவில் இல்லை. புள்ளியும் நினைவில் இல்லை. “எழுதிவைத்தவர் யார் தம்பி?” என்றார்.

வாதம் அவ்விடத்தில் முடிந்தது. ஆட்டம் எங்கே என்று கேட்டவர் ஆட்டக்காரனின் வாழ்வையே சொல்லி முடித்தார். வாழ்வே போதும் என்றவர் ஆண்டையும் புள்ளியையும் தேடினார். நல்ல விளையாட்டு எழுத்துக்கு இரண்டும் வேண்டும். இங்கிலாந்தில் 1864 முதல் வெளிவரும் விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலர் எண்களை விடாது காத்துவருகிறது. அமெரிக்கத் தொகுப்பு எண்களுக்குப் பின்னுள்ள மனிதரைக் காக்க முயல்கிறது. தமிழிலோ இவ்விரு மரபும் வேரூன்றவில்லை.

எழுதுவதற்குப் பொருள் இல்லாமற் போகவில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்று இலங்கைக்குப் புகழ் தேடித்தந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். பெயர்களை நாம் அறிவோம். அப்பாய்ச்சலையும் அந்நீச்சலையும் கண்முன் நிறுத்தும் தமிழ்க் கட்டுரையை ஒரு மாணவனின் கையிற் கொடுக்க எத்தனை ஆசிரியரால் இயலும்?

மட்டக்களப்பார்க்கு இப்பணி புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரவர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டைக் கோத்து, ஒன்று முறியும்வரை இழுப்பர். அவ்விளையாட்டுக்கெனப் பாடல்களும் உண்டு. இன்று அது அருகிவிட்டது. எனினும் பாடியவரும், மட்டக்களப்பின் வழக்கங்களை ஏட்டிற் பதித்த பண்டிதர் வி. சீ. கந்தையா போன்றோரும் இருந்தமையால் அதன் இயல்பை நாம் இன்றும் அறிகிறோம்.

ஆசிரியரும் மாணவரும் பிரியுமுன் ஒரு முடிவுக்கு வந்தனர். இவ்வாண்டு தமிழ்ப் பத்திரிகைகளிலும் பாடசாலை மலர்களிலும் வரும் விளையாட்டுக் கட்டுரைகளை இருவரும் வெட்டிச் சேர்ப்பர். எழுதியவர் பெயரை மறைத்து வாசித்துப் பத்தினைத் தேர்வர். நாளும் இடமும் புள்ளியும் இல்லாத கட்டுரையை ஆசிரியர் தள்ளுவார்; ஆளே இல்லாத கட்டுரையை மாணவர் தள்ளுவார். இரு வடிகட்டலுக்கும் தப்பியவை ஒரு சிறு கையெழுத்துத் தொகுப்பாகும்.

ஒவ்வொரு பாடசாலையிலும் இலக்கிய வட்டத்திலும் இவ்வாறு இருவர் முன்வந்தால், நம் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களுக்கும் ஓர் ஏடு கிடைக்கும். இருள் சூழ்ந்தபின் நாங்கள் எழுந்தோம். அடிகளார் ஆட்டுவித்த அந்த ஆட்டத்தின் ஆண்டை, தம்மோடு ஆடிய பழைய தோழர்களிடம் கேட்டறிந்து எழுதுவதாக ஆசிரியர் சொன்னார். அத்தொகுப்பின் முதற் கட்டுரை அதுவாகவே இருக்கும்.