பறித்த அன்றே விற்க வேண்டிய விளைபொருள்: சிறு பண்ணைகளில் காளான் வளர்ப்பு

காளான் வளர்ப்புக்குக் கடன் கேட்டு வருவோர் பெரும்பாலும் முதலில் காட்டுவது கொட்டகையின் மதிப்பீட்டைத்தான். எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், கூரைக்கு எவ்வளவு, தெளிப்பானுக்கு எவ்வளவு என்பன அதில் தெளிவாக இருக்கும். கடன் அதிகாரி என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறொரு கேள்வி: காலையில் பறித்த காளான் மாலைக்குள் யார் கைக்குப் போய்ச் சேரும்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் கொட்டகைக் கணக்கைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

காளான் என்றதும் நகர்ப்புறக் கடைகளில் காணும் வெள்ளை மொட்டுக் காளானே பலருக்கும் நினைவுக்கு வரும். அது குளிர்ப் பகுதிக்கு உரியது. மொட்டு விடுவதற்கு ஏறத்தாழ 14 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் நகரில் காளான் ஆராய்ச்சி இயக்ககம் அமைந்திருப்பதும், 1997இல் அந்நகர் இந்தியாவின் காளான் நகரமாக அறிவிக்கப்பட்டதும் இக்காளானோடு தொடர்புடையவை. சமவெளியில் இதை ஆண்டு முழுவதும் வளர்க்கக் குளிரூட்டும் கருவிகள் தேவை. அவற்றின் மின்கட்டணத்தைத் தாங்குவது சிறு விவசாயியால் இயலாது. அவருக்கு ஏற்றவை வெப்பத்தைத் தாங்கும் வகைகளே: சிப்பிக் காளான், பால் காளான், வைக்கோல் காளான். இவற்றுள் பால் காளான் 30 பாகைக்கு மேலும் நன்கு விளையும். அதை வணிகப் பயிராக வளர்த்தெடுத்ததில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது.

இக்கட்டுரையில் வைக்கோல் காளானை விரிவாகப் பார்க்கலாம். இந்தியாவில் இதன் வளர்ப்பு 1940களில் கோயம்புத்தூரில் முயன்று பார்க்கப்பட்டது. ஆயினும் இன்று இதில் முன்னணியில் நிற்பது ஒடிசா. அங்கே இதன் பெயர் ‘பாள சாத்து’. ‘பாள’ என்றால் வைக்கோல், ‘சாத்து’ என்றால் காளான். நெல் விளையும் ஊர்களில் வீட்டுக் கொல்லையிலும் தோப்பு நிழலிலும் கீற்றுக் கொட்டகையிலும் இதை வளர்க்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

வளர்ப்பு முறை கடினமானதன்று. வைக்கோல் கட்டுகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, வடியவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காய் வைக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் காளான் வித்தைத் தூவி, அதன்மேல் கொள்ளு மாவையோ துவரை மாவையோ தெளித்து, பாலித்தீன் தாளால் ஒரு வாரம் மூடிவைக்கிறார்கள். வெப்பநிலை 30 முதல் 35 பாகைக்குள் இருந்தால், படுக்கை போட்ட பத்து முதல் பதினான்கு நாள்களில் முதல் பறிப்பு. முட்டை வடிவில் இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். உறை கிழிந்து குடை விரிந்தால் விலை இறங்கிவிடும். சில மணி நேரத் தாமதமே இதற்குப் போதும்.

வைக்கோல் காளானின் இயல்பான ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். ‘குளிர்பதனப் பெட்டி வாங்கி வைத்துவிடலாமே’ என்று தோன்றக்கூடும். வழக்கமான குளிர்பதனப் பெட்டியின் 4 பாகைக் குளிரில் இக்காளான் கசிந்து குழைந்துவிடும். இதன் வித்தையும் அவ்வாறு குளிரில் வைக்கக் கூடாது, இழைகள் இறந்துவிடும். கடன் விண்ணப்பத்தில் ‘குளிர்பதனப் பெட்டி ஒன்று’ என்று எழுதியிருந்தால், விண்ணப்பதாரர் எந்தக் காளானை வளர்க்கப் போகிறார் என்பதை அதிகாரி கட்டாயம் கேட்க வேண்டும். சிப்பிக் காளானுக்கு அது பயன்படும், இதற்குப் பயன்படாது.

ஆகவே எல்லாப் படுக்கைகளையும் ஒரே நாளில் போடுவது பெரும் பிழை. நூறு படுக்கைகளை ஒரே நாளில் போட்டால் இரண்டு மூன்று நாள்களுக்குள் மொத்த விளைச்சலும் வந்து குவியும். பின்னர் சில நாள்களுக்கு விற்க ஒன்றும் இராது. நாளொன்றுக்குப் பத்துப் படுக்கை என்று போட்டு வந்தால், இரண்டு வாரங்களுக்குப் பின் நாள்தோறும் ஓரளவு சீரான வரத்து இருக்கும். சேமிப்பை ஒரே வைப்புத்தொகையாக முடக்காமல் வெவ்வேறு முதிர்வு நாள்களுக்குப் பிரித்து வைப்பதை நம் வாடிக்கையாளர்கள் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். அதே உத்திதான் இது.

விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். இவை நான் எளிமைக்காக வைத்துக்கொண்ட எண்களே, சந்தை நிலவரம் அல்ல. ஒரு படுக்கைக்கு வைக்கோல், வித்து, கூலி எல்லாம் சேர்த்து 120 ரூபாய் செலவு. விளைச்சல் ஒரு கிலோ. விலை 200 ரூபாய். நாளொன்றுக்குப் பத்துப் படுக்கையானால் வரவு 2,000, செலவு 1,200, மிச்சம் 800 ரூபாய். இதில் மூன்று கிலோ விற்காமல் கெட்டுப்போனால் வரவு 1,400 ஆகும், மிச்சமோ 200தான். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வீணாயிற்று. மிச்சத்தில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. நான்கு கிலோ தேங்கினால் கையில் ஒன்றும் நிற்காது, கடன் தவணையை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். இத்தொழிலில் கடன் நிலுவையாவதற்குப் பூச்சி, நோயைவிட இந்த விற்பனை இடைவெளியே பெருங்காரணம் என்பது என் கருத்து.

குளிர்காலத்தில் வைக்கோல் காளான் விளையாது. எனவே ஒடிசாவில் கோடை முதல் மழைக்காலம் முடியும்வரை இதையும், நவம்பருக்குப் பின் சிப்பிக் காளானையும் மாற்றி வளர்ப்போர் உண்டு. கொட்டகை சும்மா கிடப்பதில்லை. சிப்பிக் காளான் பல வகையில் எளிய பயிர்: 20 முதல் 30 பாகைக்குள் வளரும், குளிரில் சில நாள் தாங்கும், விற்காததை உலர்த்தி வைக்கலாம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆதலால் பத்துக் கிலோவை உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோதான் கிடைக்கும். உலர்ந்த காளானின் விலையை இதை நினைவில் கொண்டே பேச வேண்டும். இன்னொன்று: முதிர்ந்த சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்துத்துகள் சிலருக்கு இருமலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். மூடிய அறையில் வேலை செய்வோர் முகக்கவசம் அணிவது நலம்.

வைக்கோலும் முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை. வைக்கோல் காளானுக்கு நீண்ட, நொறுங்காத, கையால் அடித்த கட்டு வைக்கோல் வேண்டும். அறுவடை இயந்திரம் துண்டாக்கிப் போடும் வைக்கோல் இந்த அடுக்குமுறைக்கு உதவாது. அறுவடை முடிந்த கையோடு தேவையானதை வாங்கி, மழை படாமல் சேர்த்து வைப்பவரே பருவம் முழுவதும் படுக்கை போட முடியும்.

இங்கேதான் கடனின் அமைப்பு முக்கியமாகிறது. கொட்டகை, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றுக்குத் தவணைக் கடன் பொருந்தும். வைக்கோல், வித்து, கூலி ஆகியவற்றுக்குத் தேவை நடைமுறை மூலதனம். மேற்சொன்ன கணக்கின்படியே, முதல் ரூபாய் கைக்கு வருமுன் பதினான்கு நாள் செலவாக 16,800 ரூபாய் போடவேண்டியிருக்கும். முழுத் தொகையையும் கொட்டகைக்குச் செலவிட்டுவிட்டு, வைக்கோலுக்கு வெளியில் வட்டிக்கு வாங்குவோரை நான் கண்டிருக்கிறேன். கொட்டகையை எளிமையாக்கி நடைமுறை மூலதனத்தைத் தாராளமாகக் கேட்பதே அறிவுடைமை. தவணைகளையும் விளைச்சல் மாதங்களுக்கு ஏற்ப அமைத்துத் தருமாறு விண்ணப்பத்திலேயே கேட்கலாம்.

ரிசர்வ் வங்கியின் அறிவிப்பின்படி 2025 ஜனவரி 1 முதல், விவசாயி ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்குப் பிணையம் தேவையில்லை. முன்பு இவ்வரம்பு 1.6 இலட்சம். சிறு அளவில் தொடங்குவோருக்கு இது பெரும்பாலும் போதும். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின்கீழ் காளான் உற்பத்திக் கூடங்களுக்கும் மானியம் உண்டு. ஆனால் கடனுடன் இணைந்த மானியம் கையில் கிடைக்கும் பணமன்று. அது வங்கியில் தனிக்கணக்கில் வைக்கப்பட்டு, நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே கடனில் வரவு வைக்கப்படும். மானியத்தை நம்பிச் செலவைத் திட்டமிடுவது இடரில் முடியும்.

‘வித்தும் பயிற்சியும் நாங்கள் தருகிறோம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்று வாக்களிப்போரும் உள்ளனர். எல்லாரையும் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் என்ன விலைக்கு, எந்தத் தரத்தில், எத்தனை நாளில் பணம், வண்டிக் கூலி யாருடையது என்னும் நான்கும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை வங்கி விற்பனை உறுதியாகக் கொள்ள இயலாது. வித்து வாங்கும்போது அது தயாரான தேதியைக் கேட்டுப் பாருங்கள். பழைய வித்தில் போட்ட படுக்கையில் காளானுக்கு முன் பச்சைப் பூசணம் வந்துவிடும்.

வருமான வரி பற்றியும் கேட்கிறார்கள். மொட்டுக் காளான் வளர்ப்பில் வரும் வருவாய் வேளாண் வருமானமே என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஐதராபாத் சிறப்பு அமர்வு 2018இல் தீர்ப்பளித்தது. தட்டுகளில் பரப்பிய மண்ணும் நிலமே என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. மண்ணே இல்லாமல் வைக்கோல் பையில் வளரும் சிப்பிக் காளானுக்கு அதை அப்படியே பொருத்தலாமா என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

கோடையில் வைக்கோல் காளான் போட எண்ணுவோர் பங்குனியில் வங்கிக்கு வந்தால் காலம் கடந்திருக்கும். அதற்குள் நல்ல வைக்கோல் விற்றுத் தீர்ந்துவிடும். அறுவடைக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வரும்போது கொட்டகை மதிப்பீட்டுடன், நாள்தோறும் காளான் வாங்கச் சம்மதித்துள்ள கடைகள், உணவகங்களின் பட்டியலையும் கொண்டுவாருங்கள்.