டிரான்ஸ்பர் கேஸ் அசையவில்லையா? சம்மட்டியைக் கீழே வையுங்கள்! உள்ளே ஒரு நட் ஒளிந்திருக்கிறது

தாம்பரம்: இழுத்தால் வரவில்லை. தட்டினால் வரவில்லை. போல்ட் எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ் கியர் பாக்சை விட்டு நகர மாட்டேன் என்கிறது!

பழைய நான்கு சக்கர டிரைவ் ஜீப்பை வீட்டு வாசலிலேயே போட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் ஆனாலும் கதை ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். "கடப்பாறையைக் குடுத்து நெம்புங்க சார், வந்துடும்!" என்பார் ஒருவர். "சம்மட்டியால ஒரே போடு போடுங்க!" என்பார் இன்னொருவர்.

இரண்டும் ஆபத்து. பெட்டி உடையும், ஆளும் உடைவார்!

என்ன இந்தப் பெட்டி?

சாதாரணக் காரில் என்ஜின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. ஜீப்பில் நான்குக்கும் போக வேண்டும். கியர் பாக்சிலிருந்து வரும் சக்தியை முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிரான்ஸ்பர் கேஸ். இதில் "லோ" கியரும் உண்டு. அதைப் போட்டால் வேகம் குறையும். இழுப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கூடும். சேற்றில் மாட்டிய வண்டி மெல்ல ஊர்ந்து வெளியே வருவது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், போர்டு கம்பெனிகள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போருக்குப் பின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. அந்த வம்சத்து வண்டிகளில் இருப்பது "ஸ்பைசர் 18" என்ற டிரான்ஸ்பர் கேஸ். முழுக்க வார்ப்பு இரும்பு. படுத்துக்கொண்டு மார்பின்மேல் தாங்கிப் பிடிக்கிற கனம் அல்ல!

வெள்ளம் செய்த வேலை

தென்சென்னைப் புறநகரில் இந்தப் பெட்டியைக் கழற்ற இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. வாசலில் நின்ற வண்டிகளும் தப்பவில்லை.

ஓடிச் சூடாக இருக்கும் பெட்டி திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுத் துளை வழியாகவும், தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டியிலும் இதே வழிகளில் தண்ணீர் கசிந்து இறங்கும். ஆயில் மோர் மாதிரி வெளுத்துப் போயிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங் போகும், பிறகு பல்சக்கரம் போகும்.

முதலில் உயிர், பிறகு ஸ்பானர்!

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வில்லிஸ் வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேசின் பின்பக்கம் உள்ள டிரம்மைத்தான் பிடிக்கிறது. அந்தப் பிடி பின் ப்ரொபெல்லர் ஷாப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

அந்த ஷாப்டைக் கழற்றியதும் என்ன ஆகும்? ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்து வைத்திருந்தாலும் வண்டி உருளும்! கியரில் போட்டிருந்தாலும் பயன் இல்லை. அடியில் ஆள் படுத்திருக்கும்போது வண்டி உருண்டால் என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஷாப்டில் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. கனம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். மழை ஊறிய மண் தரையில் ஸ்டாண்டு புதையும். தடித்த பலகை போட்டு அதன்மேல் வைப்பது நல்லது.

வண்டி வாங்கியவுடனே ஹேண்ட் பிரேக் எங்கே பிடிக்கிறது என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

ஒளிந்திருக்கும் நட்

சரி, பெட்டி ஏன் வர மறுக்கிறது? பெரும்பாலும் துரு அல்ல. கழற்ற வேண்டிய ஒன்றைக் கழற்றாமல் விட்டதே காரணம்!

ஆயிலை வடிக்க வேண்டும். இரண்டு ப்ரொபெல்லர் ஷாப்டையும் அடையாளக் கோடு போட்டுக் கழற்ற வேண்டும். ஸ்பீடோ மீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், லிவர்கள், ரப்பர் மவுண்டிங் எல்லாம் கழல வேண்டும். இதுவரை பலரும் செய்துவிடுகிறார்கள். அடுத்ததில்தான் கோட்டை விடுகிறார்கள்.

டிரான்ஸ்பர் கேசின் பின்பக்கம் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பல்சக்கரம் தெரியும். கியர் பாக்சின் மெயின் ஷாப்ட் நீண்டு வந்து இந்தச் சக்கரத்தைத் தாங்குகிறது. சக்கரத்தைப் பிடித்திருப்பது, பள்ளம் வெட்டிய ஒரு பெரிய நட். அந்தப் பள்ளத்தில் ஒரு காட்டர் பின்.

பின்னை எடுத்து, நட்டை அவிழ்த்து, வாஷரையும் சக்கரத்தையும் உருவினால்தான் பெட்டிக்கு விடுதலை. இதை விட்டுவிட்டு வெளியே எத்தனை சம்மட்டி போட்டாலும் அசையாது. அசைந்தால் உள்ளே ஏதோ உடைந்தது என்று பொருள்!

கம்பி வைத்தியம்

நட்டை எடுத்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. பேரிங் இறுகிப் பிடித்திருப்பதால், பெட்டியை இழுக்கும்போது மெயின் ஷாப்டும் கூடவே கிளம்பி வரும். வந்தால் கியர் பாக்சுக்குள் இருப்பதெல்லாம் கலைந்துவிடும். ஒரு வேலை இரண்டு வேலை ஆகும்.

இதற்கு வில்லிஸ் காலத்து வழிகாட்டிப் புத்தகமே சிக்கன வழி சொல்லிக் கொடுத்திருக்கிறது. கியர் பாக்சின் மேல் மூடியைத் திறந்து, மெயின் ஷாப்டில் இரண்டாம் கியருக்குப் பின்னால் ஒரு கம்பியைச் சுற்ற வேண்டும். மூடியின் வலது, இடது போல்ட்டுகளைப் பாதி முறுக்கி, கம்பியின் இரு முனைகளையும் அவற்றில் இறுக்கிக் கட்ட வேண்டும். இனி ஷாப்ட் வெளியே வராது.

அடுத்து, டிரான்ஸ்பர் கேசுக்கு அடியில் பலகை வைத்த ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும். கியர் பாக்ஸ் தொங்கிவிடாமல் அதற்கும் தனியாக முட்டு வேண்டும். தோல் அல்லது மரச் சுத்தியலால் மெயின் ஷாப்ட் முனையில் லேசாகத் தட்டினால் போதும். பெட்டி தானே விட்டுக்கொடுக்கும்.

"தட்டுறதுக்கு பலம் வேணாம் சார், பொறுமைதான் வேணும்" என்பது மெக்கானிக் பட்டறைகளில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்.

உளி வேண்டாம்!

இரண்டு பெட்டியும் சேரும் இடுக்கில் உளியை வைத்து அடிப்பவர்களும் உண்டு. மழமழவென்று இருக்க வேண்டிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும். புது பேக்கிங் போட்டாலும் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். உள்ளபடியே துரு பிடித்த போல்ட் என்றால் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊற விடுவதே உத்தமம்.

ஜிப்சிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1985 கடைசியில் வந்த மாருதி ஜிப்சியில் டிரான்ஸ்பர் கேஸ் கியர் பாக்சோடு ஒட்டியிருப்பதில்லை. மூன்று ரப்பர் மவுண்டிங்குகளில் தனியே தொங்குகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு குட்டி ஷாப்ட் மட்டுமே. அங்கே மக்கர் செய்வது துருப்பிடித்த மவுண்டிங் போல்ட்தான். ஆனால் கடைசி போல்ட் கழன்றதும் பெட்டி தொப்பென்று விழும். அதற்கு முன்பே ஜாக்கி கொடுத்துவிட வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவது இன்னொரு தப்பு. அது போய்ச் சேருகிற இடம் நம் சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள்தானே! டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் சம்மட்டியைக் கையில் எடுக்க வைக்கிறது. பெட்டி அசையாவிட்டால் கையை நிறுத்தி, டார்ச் அடித்து, எது இன்னும் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையா? தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கம் இல்லை. அவருக்குக் கொடுக்கும் கூலி, உடைந்த பெட்டியின் விலையைவிடக் குறைவு. ஆஸ்பத்திரிச் செலவைவிட ரொம்பவே குறைவு!