கனமில்லாத காவலன்

பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டி-வைரஸ் வாங்கும்போது விலையைவிட எடையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் கல்லாறைத் தாண்டியதும் பொன்முடிக்குப் போகும் சாலை மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களையும் மூட்டைகளையும் திணித்த பழைய கார் சில வளைவுகளிலேயே திணறும். 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட வீட்டுக் கம்ப்யூட்டரில் கனத்த ஆன்டி-வைரஸை ஏற்றினாலும் இதே கதைதான். ஸ்விட்சைப் போட்டுவிட்டு காபி குடித்து வந்தாலும் திரை முழுதாக விழித்திருக்காது. பிள்ளைகள் பள்ளி பிராஜக்ட் டைப் செய்ய உட்கார்ந்தால் எழுத்துகள் நொண்டியபடி பின்னால் வரும். பொறுமை இழந்த வீட்டார் செய்யும் முதல் காரியம் ஆன்டி-வைரஸை அணைத்து வைப்பது.

ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். கேரள அரசு தன் சொந்த இன்டர்நெட் வலையான கே-ஃபோனை 2023 ஜூனில் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இப்படி வீடுகளுக்கு வந்து சேரும் இணைப்பு பல சமயம் அண்ணன் வாங்கி தங்கைக்குக் கைமாறிய கம்ப்யூட்டரோடுதான் இணைகிறது. அதில் வங்கிக் கணக்கு, ஆதார் நகல், கல்யாண போட்டோ எல்லாமே இருக்கின்றன.

சுமை எங்கிருந்து?

1986-ல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃபிளாப்பி வழியாகப் பரவிய காலத்தில், வாரம் ஒருமுறை சோதனை போட்டால் போதும் என்று இருக்க முடிந்தது. இப்போதைய மென்பொருள் ஒவ்வொரு ஃபைலும் திறக்கப்படும்போதும் குறுக்கே நின்று பார்க்கிறது. தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. சந்தேகம் வந்தால் அந்த புரோகிராமின் நடத்தையை நோட்டமிடுகிறது. இந்தச் சோதனைக்கு டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மெதுவாக நடக்கும் வேலையே அதுதான்.

இதற்கு மேல் நிறுவனங்கள் சேர்க்கும் அலங்காரங்கள் வேறு: விபிஎன், பாஸ்வேர்ட் பெட்டகம், 'கம்ப்யூட்டரைச் சுத்தப்படுத்தும்' கருவி, புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும் அறிவிப்புகள். வைரஸைப் பிடிக்க இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. நினைவகத்தில் இடம் பிடிப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை.

எடை போடும் தராசு

நல்ல வேளையாக, விளம்பரத்தை நம்பித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி மூன்றுக்கும் தலா 6 புள்ளிகள் தருகிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், திறன் குறைந்த கம்ப்யூட்டரில் ஃபைல்களை நகலெடுத்தும் புரோகிராம்களை நிறுவியும் இணையதளங்களைத் திறந்தும் ஒவ்வொரு ஆன்டி-வைரஸும் எவ்வளவு தாமதம் ஏற்படுத்துகிறது என்று அளக்கிறது. முடிவுகளை இரண்டுமே இலவசமாக வெளியிடுகின்றன. வாங்குமுன் பார்க்க வேண்டியவை இரண்டே கட்டங்கள்: பாதுகாப்பு, வேகம். ஒன்றில் முதல் வகுப்பு, மற்றதில் ஃபெயில் என்றால் அந்த மென்பொருள் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

இந்தப் போட்டியில் உள்நாட்டுச் சரக்கும் சளைத்ததல்ல. ஜே. கேசவர்தனன் 1991-ல் சென்னையில் தொடங்கிய கே7 நிறுவனம் ஜப்பானிய வீடுகள் வரை போய்ச் சேர்ந்தது. அதன் மென்பொருள் வேகச் சோதனைகளில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. புனேயில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் காட்கர், தம்பி சஞ்சயுடன் சேர்ந்து வளர்த்த குயிக் ஹீல் 2016-ல் பங்குச் சந்தையில் அடியெடுத்து வைத்தது.

வீட்டிலேயே இருப்பது

ஆனால் கடைக்குப் போகுமுன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'டிஃபெண்டர்' என்ற ஆன்டி-வைரஸை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடனேயே தருகிறது. தனிச் சந்தா கிடையாது. எடைச் சோதனைகளில் அது எப்போதும் முன்வரிசையில் நிற்பதில்லை. பாதுகாப்பில் மட்டும், பணம் கொடுத்து வாங்குபவற்றோடு போட்டி போடும் அளவுக்குத் தேறிவிட்டது. பல வீடுகளுக்கு அதுவே போதும்.

குழப்பம் வருவது வேறு வழியில். புது லேப்டாப்பில் ஏதோ ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரதி ஏற்கெனவே இருக்கும். அது இயங்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். தவணை முடிந்த பிறகும் அந்தப் பிரதி வெளியேறாமல், பணம் கட்டச் சொல்லி உட்கார்ந்திருக்கும். அதை முழுதாக நீக்கினால் டிஃபெண்டர் தானாகவே வேலைக்கு வரும். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு ஆன்டி-வைரஸ்களைச் சேர்த்து ஓட்டுவது வீண். ஒன்று பார்க்கும் ஃபைலையே மற்றதும் பார்க்கும், இரண்டும் மோதிக்கொள்ளும், கம்ப்யூட்டர் படுத்துவிடும்.

'இலவசம்' என்ற சொல்லுக்கும் விலை உண்டு. அவாஸ்ட் நிறுவனம், தன்னைப் பயன்படுத்தியவர்கள் இணையத்தில் எங்கெல்லாம் உலவினார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது அம்பலமானது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் விதித்த தொகை 1.65 கோடி டாலர். அந்தத் துணை நிறுவனம் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் பாடம் பழையதாகவில்லை: இலவச மென்பொருளை நிறுவும்போது வரும் அனுமதிகளைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தக் கூடாது.

பூட்டும் கதவும்

எவ்வளவு நல்ல ஆன்டி-வைரஸாலும் ஈடுகட்ட முடியாதது அப்டேட். 2017 மே 12-ல் உலகைக் கலக்கிய 'வான்னாக்ரை' ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் அதற்கு இரையாயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

அதனால்தான் விண்டோஸ் 7 ஓடும் கம்ப்யூட்டருக்குச் சந்தா கட்டுவது, கதவு உளுத்துப்போன வீட்டுக்கு விலை உயர்ந்த பூட்டு வாங்குவது போல. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்கு மேல், 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கத் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட்.

புது விண்டோஸைத் தாங்காத கம்ப்யூட்டருக்கு கேரளப் பள்ளிகள் வழி காட்டுகின்றன. அரசின் 'கைட்' அமைப்பு தயாரித்த லினக்ஸ்தான் அங்கே ஓடுகிறது. லினக்ஸுக்கு வைரஸே வராது என்பது கட்டுக்கதை. என்றாலும் விண்டோஸைக் குறிவைத்து எழுதப்பட்டவை அதில் பொதுவாக இயங்குவதில்லை. அப்டேட்டும் இலவசம். பிரவுசரும் டைப்பிங்கும் போதும் என்ற வீட்டுக்கு இது சரியான மாற்று.

விண்டோஸே வேண்டும் என்பவர்கள் படிப்படியாகப் போகலாம். முதலில் அப்டேட். அடுத்து, தேவையற்ற சோதனைப் பிரதிகளை நீக்குவது. பிறகு ஒரு வாரம் டிஃபெண்டரோடு ஓட்டிப் பார்ப்பது. முழுச் சோதனையை யாரும் கம்ப்யூட்டரைத் தொடாத நேரத்துக்கு மாற்றிவைக்கலாம். அப்போதும் திணறினால், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது ஆன்டி-வைரஸை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். கடைசியில்தான் சந்தா. அதிலும் சோதனைப் பிரதியை முதலில் போட்டு, கம்ப்யூட்டர் விழிக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்த பிறகே பணம்.

ஏற்கெனவே தொற்று இருக்குமோ என்று சந்தேகித்தால், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசத் துப்புரவுக் கருவிகள் தருகிறது. எது தோற்றாலும் கைகொடுப்பது, முக்கிய ஃபைல்களின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைக்கும் பழக்கம்.

சோதனைக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி, வீட்டில் அணைந்து கிடக்கும் மென்பொருளால் யாருக்கும் பயனில்லை. வீட்டாருக்குத் தொல்லை தராமல், எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதே நல்ல ஆன்டி-வைரஸ்.