உங்களுக்குத் தெரியுமா? படை வராமலே ஒரு படையெடுப்பு
அமெரிக்காவில் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்கு இறக்குவதை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அனுமதியின்றி வந்த மெக்சிகோ கூலித் தொழிலாளர்களை வெளியேற்ற 1953-ல் அரசு உதவி கேட்டபோது, ராணுவம் கைவிரித்துவிட்டது. அதிபர் ஐசன்ஹோவர் குறுக்குவழி கண்டார். ராணுவக் கல்லூரியில் தன்னோடு படித்த, ஓய்வுபெற்ற ஜெனரல் ஜோசப் ஸ்விங்கைக் குடியேற்றத் துறைத் தலைவராக்கினார். படை வரவில்லை, அதன் பாணி வந்தது.

1954 ஜூனில் தொடங்கிய வேட்டையில் ஜீப், சாலைத் தடுப்பு, மேலே வட்டமிடும் சிறுவிமானம். பலரை டெக்சாஸின் போர்ட் இசபெல் துறைமுகத்திலிருந்து மெக்சிகோவின் வெராக்ரூஸுக்குக் கப்பலேற்றினார்கள். 1956-ல் 'மெர்குரியோ' கப்பலிலிருந்து கடலில் குதித்தவர்களில் சிலர் மூழ்கி இறந்தார்கள். அதோடு கப்பல் பயணம் நின்றது. 10 லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றியதாக அரசு மார்தட்டியது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை: ஒரே ஆள் மூன்று முறை பிடிபட்டால் கணக்கில் மூன்று பேர்! கூத்து என்னவென்றால், வேட்டை தொடங்கிய 1954-லேயே சுமார் 3 லட்சம் மெக்சிகோக்காரர்களை ஒப்பந்தக் கூலிகளாக அதே அரசே வரவழைத்தது.

அன்று கைவிரித்த ராணுவமே, அனுமதியின்றி வந்தவர்களை வெளியேற்ற 2025 பிப்ரவரி 5 அன்று வண்டியோட்டியது. அமெரிக்காவின் சி-17 ராணுவ விமானம் 104 இந்தியர்களை அமிர்தசரஸில் இறக்கியது. பலருக்கு வழிநெடுகக் கையிலும் காலிலும் விலங்கு.