வரி, விலை, மதிப்பு

பழைய கார் வைத்திருப்போர் பலர் வரி, விலை, மதிப்பு என்னும் மூன்று சொற்களையும் ஒரு பொருளனவாகவே வழங்குகின்றனர். சாலை வரியையும் காப்புறுதியையும் ஒரே நாளில் புதுப்பிக்கும் வழக்கம் இம்மயக்கத்தை வளர்க்கிறது. ஆயினும் மூன்றும் வெவ்வேறானவை. அவ்வேற்றுமையை அறியாதார் பொருளிழப்புக்கு ஆளாகின்றனர்.

முதலில் வரியைக் காண்போம். 1985-ஆம் ஆண்டில் ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதன் சிறிய வகையின் எஞ்சின் கொள்ளளவு 1,299 சி.சி. அக்காரை இன்றும் ஓட்டுபவர் ஆண்டுக்குச் செலுத்த வேண்டிய சாலை வரி 70 வெள்ளி. அதே கொள்ளளவுள்ள புதிய காருக்கும் அதே 70 வெள்ளிதான். தீபகற்ப மலேசியாவில், எண்ணெயில் ஓடும் தனியார் சலூன் கார்களுக்குச் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைக் கொண்டே விதிக்கப்படுகிறது. காரின் வயதும் விலையும் கணக்கில் வருவதில்லை.

கொள்ளளவு 1,600 சி.சி.யைத் தாண்டினால் வரி விரைந்து ஏறும். 1,998 சி.சி. காருக்கு அடிப்படை வரி 280 வெள்ளி. 1,800-க்கு மேற்பட்ட 198 சி.சி.க்கு, ஒன்றுக்கு 50 சென் வீதம், 99 வெள்ளி. ஆக 379 வெள்ளி. 2,998 சி.சி. காருக்கோ 2,125 வெள்ளி! பழைய பெரிய கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ்பவர் இக்கணக்கை முன்னரே போட்டுப் பார்த்தல் நலம்.

அடுத்தது விலை. புதிய காரின் விலையில் கலால் வரியும் விற்பனை வரியும் அடங்கியுள்ளன. பின்னர்த் தனியார் இருவரிடையே கார் கைமாறும்போது இவை மீண்டும் விதிக்கப்படுவதில்லை. பெயர் மாற்றத்திற்கான சோதனையில் எஞ்சின் எண், சேசி எண், பாதுகாப்பு ஆகியவை பார்க்கப்படும். அச்சான்றிதழ் விலையைக் கூறுவதன்று. கடன் தரும் வங்கி தன் கணிப்பையே கொள்ளும்; அக்கணிப்பு விற்பவர் கேட்கும் விலையினும் குறைந்தால், மிகுதியை வாங்குபவரே கையிலிருந்து கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய மதிப்பே மிகுந்த கவனத்திற்குரியது. 30,000 வெள்ளி சந்தை மதிப்புள்ள காரை, கட்டணம் குறையட்டும் என்று 24,000 வெள்ளிக்கே ஒருவர் காப்புறுதி செய்ததாகக் கொள்வோம். விபத்தில் 5,000 வெள்ளிச் சேதம் நேர்கிறது. குறைவு பத்து விழுக்காட்டைத் தாண்டியதால், காப்புறுதி நிறுவனம் ஐந்தில் நான்கு பங்காகிய 4,000 வெள்ளியே தரும். எஞ்சிய 1,000 வெள்ளி உரிமையாளர் பொறுப்பு. கட்டணத்தில் மிச்சம் பிடித்தது பழுது பார்ப்பதில் போய்விடும்.

அதற்காக 40,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்தாலும் பயனில்லை. கார் களவுபோனால், சந்தை மதிப்பின்படி அமைந்த ஒப்பந்தத்தில் அன்றைய மதிப்பே கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய பணம் வீண். ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தரும் ஒப்பந்தமும் உண்டு. எது தமக்குரியது என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்டறிதல் வேண்டும்.

சாலை வரி கார் மூப்படைந்தாலும் மாறுவதில்லை. மதிப்போ ஆண்டுதோறும் மாறுகிறது. ஆதலின் சென்ற ஆண்டின் தொகையை அவ்வாறே எழுதிக்கொடாமல், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அன்றைய மதிப்பை வினவுதல் வேண்டும். வேறொரு கார் வாங்க வசதியில்லாத குடும்பத்திற்கு இவ்வொரு கேள்வியே காவலாகும்.